முகம் சும்மா இருக்கிறது, ஆனாலும் கவலை தெரிகிறதே: தனக்ரா சுடுமண் பொம்மைகள் பற்றி ஒரு கேள்வி

வடமராட்சியான்:

வணக்கம். இந்தப் பகுதியில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பாரிசில் இருக்கிறேன். உணவகக் குசினியில் வேலை. சிற்பம் பற்றிப் படித்தவன் கிடையாது. ஒரு விஷயம் மூன்று வாரமாக மனதில் கிடந்து உழல்கிறது. தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள்: அருங்காட்சியகத்துக்குப் போய், மனித உணர்ச்சி தெரிகிற ஒரு பழம்பொருளைத் தேர்ந்தெடுத்து வரைந்து வர வேண்டும். லூவருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பளிங்குச் சிலை எதையாவது பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அவற்றையெல்லாம் கடந்துபோய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் மண் பொம்மைகள். கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள். தலையிலிருந்து கால்வரை துணியைச் சுற்றிப் போர்த்தியவர்கள். பழைய கிரேக்க ஊரான தனக்ராவின் பெயர் எழுதியிருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசி, கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று காலம் போட்டிருந்தது.

அதில் ஒருத்தியைக் காட்டி, "அப்பா, இவவுக்கு ஏதோ கவலை" என்றாள். நான் குனிந்து வடிவாகப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. சின்ன மூக்கு, சின்ன வாய். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பக்கத்தில் நின்ற மற்றப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே முகம்தான். ஆனால் மகள் சொன்னது சரி. எனக்கும் கவலையாகத்தான் தெரிந்தது.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை மற்றக் கண்ணுக்கு முன்னால் நீட்டி, பொம்மையின் முகத்தை மட்டும் மறைத்தாள். "இப்பவும் கவலைதான்" என்றாள். அடுத்து விரலைக் கொஞ்சம் இறக்கி உடம்பை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள். "இப்ப ஒன்றும் இல்லை." நானும் செய்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. பின்னால் வந்த ஆட்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் விடவில்லை. ஐந்தாறு பொம்மைகளுக்கு இப்படியே பார்த்தோம்.

அந்தப் பெண்ணின் வலது கை போர்வைக்கு உள்ளே நெஞ்சோடு மடங்கிக் கிடக்கிறது. தலை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். எங்கள் அம்மா கவலையாக இருந்தால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு விறாந்தையில் நிற்பா. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, முதுகைப் பார்த்தாலே எங்களுக்கு விளங்கிவிடும். அந்த ஞாபகம் வந்து நான் அந்த இடத்தைவிட்டு நகரவே முடியாமல் நின்றேன்.

என் கேள்வி இதுதான். அந்த மனிதர்கள் இதைத் தெரிந்து செய்தார்களா? முகத்தைச் சும்மா விட்டுவிட்டு உடம்பில் உணர்ச்சியை வைப்பது அவர்களுடைய வழக்கமா? இல்லை, என் அம்மாவின் நினைப்பை நான் கொண்டுபோய் அந்தப் பொம்மையில் ஒட்டுகிறேனா?

மண்ணும்கையும்:

தம்பி, உங்கள் மகள் விரலால் மறைத்துப் பார்த்தாளே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மதுரைப் பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலுப் பொம்மை செய்கிறோம். நான் மட்டும் 26 வருடமாக அச்சில் மண் அழுத்துகிறேன். சில வருடம் முன்னால் லண்டனில் இருக்கும் மகன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே இரண்டு பெண்கள் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து விளையாடும் ஒரு சுடுமண் பொம்மை இருக்கிறது. நம்மூர் சொட்டாங்கல் மாதிரியான ஆட்டம். தெற்கு இத்தாலியில் கிடைத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பின்பகுதி. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். அன்றிலிருந்து கிரேக்கப் பொம்மை பற்றி எது கையில் கிடைத்தாலும் படிக்கிறேன். அதனால் செய்கிறவளாகவும் படித்தவளாகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

முகம் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டால், அது அச்சிலிருந்து வருகிறது, அதனால்தான். முதலில் கையால் ஒரு மூல உருவம் செய்வார்கள். அதன் மேல் மண்ணை அழுத்தி அச்சு எடுத்து, அந்த அச்சைச் சுட்டு வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அதற்குள் மெல்லிசாக மண்ணை அழுத்தி எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். தலைக்கு ஓர் அச்சு, உடம்புக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கை, விசிறி, தொப்பி எல்லாம் தனித்தனி. உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பெண்களுக்கு ஒரே முகம் இருந்தது என்றீர்களே, இரண்டு தலையும் ஒரே அச்சிலிருந்து வந்திருக்கலாம். உடம்பு மட்டும் வேறு. ஒரே உடம்பில் வேறு வேறு தலை வைப்பதும் உண்டு.

சரி, அப்படியென்றால் ஒவ்வொன்றும் எப்படித் தனி ஆளாகத் தெரிகிறது? கழுத்தில்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என் விரலுக்கே தெரியும். தலையும் உடம்பும் அச்சிலிருந்து வெளியே வந்ததும் உடனே ஒட்ட முடியாது, நசுங்கிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகும் ஒட்டாது, வெடிக்கும். விரல் வைத்தால் மண் விரலோடு வரக்கூடாது, ஆனால் அழுத்தினால் வளைய வேண்டும். அந்தப் பதத்தில் சேற்றுக் குழம்பைத் தடவித் தலையை வைக்கிறோம். வைத்த பிறகு ஒரு சில நொடி தலை நம் கைக்குள் இருக்கும். நேராக வைத்தால் ஒருத்தி, நெல்மணி அளவு இடதுபக்கம் திருப்பினால் வேறொருத்தி. தாடையைக் கொஞ்சம் இறக்கினால் அவள் எதையோ நினைக்கிறாள். அச்சு தராத ஒன்றைக் கை தருகிற இடம் அதுதான். அந்தச் சில நொடியை அந்த மனிதர்கள் வீணாக்கவில்லை. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், தெரிந்துதான் செய்தார்கள்.

அடுத்தது துணி. அவர்கள் போர்த்தியிருப்பது ஹிமாதியோன் என்ற தைக்காத நீளப் போர்வை, உள்ளே கீட்டோன் என்ற அங்கி. கையை உள்ளே விட்டு இழுத்தால் துணி எந்தப் பக்கம் இறுகும், எங்கே தொங்கும் என்பதை ஒவ்வொரு மடிப்பிலும் காட்டியிருக்கிறார்கள். லூவரிலேயே "சோபக்ளீஸ் பெண்" என்று பெயர் வைத்த பொம்மை ஒன்று இருக்கிறது. நாடகாசிரியர் சோபக்ளீஸுடைய பெரிய சிலையில் கை எப்படிப் போர்வைக்குள் கட்டுண்டு நிற்கிறதோ, அதே நிலையில் இந்தப் பெண்ணும் நிற்பதால் அந்தப் பெயர். பக்கத்தில் "நீலப் பெண்" என்றும் ஒன்று உண்டு. அதில் நீல நிறமும் கொஞ்சம் பொன்பூச்சும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போர்வைக்குள் விரல் மடங்கியிருப்பதைத் துணிக்கு மேலேயே காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடிய கை வெளியே இருக்கும் கையைவிட அதிகம் பேசுகிறது.

இந்தத் தொழிலாளிகளைக் கிரேக்கத்தில் "கொரோப்ளாத்தோஸ்" என்பார்கள். "கோரே" என்றால் சிறுமி, பொம்மை இரண்டுமே. சிறுமி உருவம் பிடிக்கிறவன் என்று அர்த்தம். ஏதென்ஸ் பேச்சாளர் ஐசோக்ரட்டீஸ் தன் பேச்சு ஒன்றில், அதீனா தெய்வத்தின் சிலையைச் செய்த பெரிய சிற்பி ஃபிடியாஸைப் போய் கொரோப்ளாத்தோஸ் என்று சொல்வது மாதிரி என்கிறார், அதாவது அவ்வளவு பெரிய அவமானம் என்ற பொருளில். படித்தபோது எனக்கு மனசு வலித்தது. பொம்மைக்காரரை எல்லா ஊரிலும் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஃபிடியாஸ் தங்கத்திலும் தந்தத்திலும் செய்த அதீனா இன்று இல்லை. இந்தச் சாண் உயர மண் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு முகத்தில் உணர்ச்சி காட்டத் தெரியாமல் இல்லை. லூவரிலேயே ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், கிடைத்த சின்னச் சின்ன மண் தலைகள் நிறைய இருக்கின்றன. தேடிப் பாருங்கள். கோணிய வாய், பிதுங்கிய கண், சுருங்கிய நெற்றி, நோய் பிடித்த முகம். வலியும் எரிச்சலும் அப்படியே தெரியும். தனக்ரா காலத்திலேயே கிழத் தாதி குழந்தையை மடியில் வைத்திருக்கும் பொம்மைகளும் உண்டு. தாதியின் முகத்தில் சுருக்கமும் பல் போன சிரிப்பும் இருக்கும். ஆக, யாருக்கு முகத்தில் உணர்ச்சி கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கிழவி, அடிமை, நோயாளி, கோமாளி. நல்ல குடும்பத்துப் பெண்ணின் முகம் மட்டும் அசையாது. அவள் மனசில் இருப்பதை அவள் துணிதான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அவள் எப்படி நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ அப்படி நிற்க வைத்துவிட்டு, செய்தவன் கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறான். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நீங்கள் குசினியில் வேலை என்றீர்கள். அடுத்த தடவை போனால் இன்னொன்றையும் பாருங்கள். கிரேக்கத்துத் தீப்ஸ் நகரில் கிடைத்தது, தனக்ராவைவிட ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. நான்கு பெண்கள் வரிசையாக நின்று ரொட்டி மாவு பிசைகிறார்கள், ஒருவர் குழல் ஊதுகிறார். அச்சே கிடையாது, முழுக்கக் கைவேலை. முகம் என்றால் கிள்ளி எடுத்த ஒரு மூக்கு, அவ்வளவுதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது, எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்கு ஒரு நொடியில் புரியும்.

மேடைக்காரன்:

அக்கா சொன்ன கடைசிப் பகுதிக்கு ஒரு துணைச்செய்தி. நான் நாடகக்காரன், முகமூடி போட்டு நடிப்பதைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 14 சின்னப் பொம்மைகள் ஒரு தொகுதியாக இருக்கின்றன. எல்லாம் நகைச்சுவை நாடக நடிகர்கள். ஏதென்ஸில் ஒரே கல்லறையில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பஞ்சு வைத்துத் தைத்த தொந்தி, வாய் பிளந்த முகமூடி. கைக்குழந்தையோடு ஒரு தாதி இருக்கிறாள், ஹெராக்ளீஸ் வேடக்காரன் இருக்கிறான். இந்த வகைப் பொம்மைகளின் நகல்கள் கிரேக்க உலகின் பல மூலைகளில் கிடைத்திருக்கின்றன. நாடகம் பார்த்த ஆட்கள் பிடித்த பாத்திரத்தை வீட்டுக்கு வாங்கிப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும்.

நான் சொல்ல வந்தது முகமூடி பற்றி. அந்தக் காலத்து நடிகனுக்கு முகமே கிடையாது. திறந்தவெளி அரங்கில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேல் வரிசையில் இருப்பவனுக்கு முகமூடியின் வாய்கூடச் சரியாகத் தெரியாது. தலையைச் சாய்ப்பது, தோளைக் குறுக்குவது, முழங்காலை ஒடுக்கி உட்காருவது, இதில்தான் எல்லாம். என் மாணவர்களுக்கு வெள்ளை முகமூடி போட்டுவிட்டு "கவலைப்படு" என்பேன். முதலில் முகமூடிக்கு உள்ளே முகத்தைச் சுளிப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டு தாடையை இரண்டு விரல்கடை இறக்குவார்கள். அவ்வளவுதான், பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும். வெளிச்சம் விழும் கோணம் மாறி, அசையாத முகமூடி அழுவது போலத் தெரியும்.

அந்த மக்கள் சின்ன வயதிலிருந்து இப்படி உடம்பைப் படிக்கப் பழகியவர்கள். பொம்மை செய்தவனும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தவன். பலிபீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, எஜமானின் அடிக்குத் தப்பப் பார்க்கும் அடிமை வேடம் என்று ஒரு வகைப் பொம்மை உண்டு. அவனுடைய முகமூடி இளிக்கும், உடம்பு பயப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வரும்.

சந்தேகி:

எல்லோரும் ஒத்துப்போகிறீர்கள், நான் கொஞ்சம் தடுக்கிறேன். கோபிக்க வேண்டாம், எனக்கும் இந்தப் பொம்மைகள் மேல் பிரியம்தான்.

முதலில் நிறம். இன்று நாம் பார்ப்பது வெறும் பழுப்பு மண். அன்று இவை அப்படி இல்லை. சுடுவதற்கு முன்பே மேலே வெள்ளைப் பூச்சு, சுட்ட பிறகு அதன்மேல் வண்ணம். செம்பழுப்பு முடி, சிவந்த உதடு, தீட்டிய கண்ணும் புருவமும், இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் போர்வை. சூளைக்குப் பிறகு தீட்டியதால் அந்த வண்ணம் நிலைக்கவில்லை, உதிர்ந்துவிட்டது. கண்மணி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தீட்டியிருந்தால் அந்த முகம் எவ்வளவோ பேசியிருக்கும். உங்கள் மகள் பார்த்தது பாதி அழிந்த முகத்தை. அழிந்தது எதுவும் நமக்குக் கவலையாகத் தெரியும், அது பார்க்கும் நம் மனதின் வேலை.

இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டு. கிரேக்கத்தின் பியோஷியாப் பகுதியில் தனக்ராக் கல்லறைகளை 1870களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்களும் திருடர்களும் தோண்டித் தள்ளினார்கள். 1874இல் ஏதென்ஸ் தொல்லியல் சங்கம் ஸ்டமட்டாக்கிஸ் என்ற தொல்லியலாளரை அனுப்பி முறையாகத் தோண்டத் தொடங்குவதற்குள் ஏராளமானவை போய்விட்டன. எந்தப் பொம்மை யார் கல்லறையில், தலைமாட்டிலா கால்மாட்டிலா, இறந்தவள் சிறுமியா கிழவியா என்ற விவரமே பலவற்றுக்கு இல்லாமல் போனது இதனால்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பாரிஸ் பணக்காரர்கள் இவற்றின்மேல் பைத்தியமாகிவிட்டார்கள். "மெல்லிய சோகம் கொண்ட அழகி" என்ற எண்ணம் அந்த வரவேற்பறைகளில் ஊறியது. பிரெஞ்சுக் கலைஞர் ஜெரோம் 1890இல் தனக்ரா என்ற பெயரிலேயே ஒரு பெரிய பளிங்குச் சிலை செய்தார், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உள்ளங்கையில் ஒரு குட்டிப் பொம்மை நிற்கும்.

அப்புறம் போலிகள். உடைந்தவற்றில் கண்டபடி தலை ஒட்டி விற்றார்கள். புதிதாகவே செய்தும் விற்றார்கள். "ஆசியா மைனர்" (இன்றைய துருக்கிப் பக்கம்) என்று பெயர் சொல்லி இரண்டு மூன்று உருவம் கட்டிப்பிடித்து உருகும் காட்சிகள் நிறைய வந்தன. அன்று கொண்டாடினார்கள், பிறகு போலி என்று தெரிந்தது. வாங்குபவனுக்கு எந்த உணர்ச்சி பிடிக்குமோ அதை வனைந்து கொடுத்திருக்கிறார்கள். சுடுமண் கடைசியாக எப்போது சூடேறியது என்று அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை வந்த பிறகு இன்னும் பல மாட்டின. அதனால் "பார்த்ததும் தோன்றியது" என்பதை நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன்.

வடமராட்சியான்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன சொட்டாங்கல்லை எங்கள் ஊரில் கொக்கான் என்போம். என் தங்கைமார் பொழுது முழுக்க விளையாடுவார்கள்.

சந்தேகி சொன்னதும் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒன்று கேட்கலாமா? இந்தப் பொம்மைகளில் பல கல்லறையில் வைத்தவை என்கிறீர்கள். அப்படியென்றால் அழுகையைக் காட்டும் பொம்மையே இல்லையா? செத்த வீட்டில் நம் ஆட்கள் தலையில் அடித்து, நெஞ்சில் அடித்து அழுவார்களே, அப்படி ஏதும் கிரேக்கர்கள் செய்யவில்லையா?

மண்ணும்கையும்:

செய்தார்கள் தம்பி. அதுவும் தனக்ராவுக்கு முந்நூறு வருடம் முன்னாலேயே.

சாந்தோரினித் தீவில், பழைய பெயர் தேரா, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மண் பெண் உருவம் கிடைத்திருக்கிறது. இரண்டு கையும் தலைக்கு மேலே போய் முடியைப் பற்றியிருக்கும். படத்தை முதலில் பார்த்தபோது எங்கள் தெருவில் ஒப்பாரி வைக்கும் கிழவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். ஏதென்ஸ் பக்கம் வாரி என்ற இடத்தில் கிடைத்த ஒரு மண் வண்டியும் உண்டு, அதே நூற்றாண்டுதான். பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி. சுற்றிலும் பெண்கள் தலையில் கைவைத்து நிற்கிறார்கள். மேலே மூடிய போர்வை தனித் துண்டு. அதை எடுத்தால் உள்ளே இறந்தவரின் சின்ன உருவம் படுத்திருக்கும். யாரும் பார்க்கப் போவதில்லை, மண்ணுக்குள் போகிற பொருள், இருந்தும் போர்வைக்கு அடியில் ஓர் ஆளைச் செய்து வைத்திருக்கிறான். இதைப் பற்றி யாரிடம் சொன்னாலும் என் குரல் தடுமாறும்.

இங்கேயும் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, கவனியுங்கள். தூக்கிய கைதான் அழுகை. அந்தக் கையைப் பார்த்தால் கிரேக்கம் முழுக்க எல்லோருக்கும் புரியும். பானைகளில் தீட்டிய சாவு வீட்டுப் பெண்களும் அதே மாதிரிதான் நிற்பார்கள்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் சோலோன் சட்டம் போட்டபோது, சாவு வீட்டில் பெண்கள் உடம்பைக் கீறிக்கொள்வதையும், கட்டி வைத்த ஒப்பாரியையும் தடுத்தார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இரண்டரை நூற்றாண்டு கழித்து வந்த தனக்ராப் பெண்கள் கையைப் போர்வைக்குள் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நேராக முடிச்சுப் போட மாட்டேன். தேராவும் தனக்ராவும் ஏதென்ஸ் கிடையாது. ஆனால் தலைக்கு மேல் போன கையையும் போர்வைக்குள் போன கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சந்தேகி தம்பிக்கு: வண்ணம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக்கே இன்னொரு சாட்சியும் தருகிறேன். மண் காய்ந்து சுடும்போது சுருங்கும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூல உருவம் இல்லாதவர்கள் கடையில் வாங்கிய பொம்மையிலிருந்தே புது அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் எடுத்த பொம்மை முந்தையதைவிடச் சின்னதாக, மழுங்கலாக வரும். அதிலிருந்து மறுபடி அச்சு. மூன்று நான்கு தலைமுறை போனால் இமையின் ஓரம் கரைந்து, உதடு கரைந்து, முகம் தூக்கக் கலக்கத்தில் இருப்பது மாதிரி ஆகிவிடும். நாம் ஏக்கம் என்று நினைப்பது சில பொம்மைகளில் தேய்ந்த அச்சாகவும் இருக்கலாம். என் அச்சுகளும் அப்படித் தேய்ந்திருக்கின்றன. ஒரு கிருஷ்ணர் முகம் பதினைந்து வருடத்தில் சிரிப்பை இழந்துவிட்டது, நான் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் கழுத்துச் சாய்வு தேயவில்லையே. ஒரே அச்சுத் தலை ஒரு பொம்மையில் நேராகவும் இன்னொன்றில் சாய்ந்தும் இருந்தால், அது பார்க்கிறவர் மனசு செய்த வேலை ஆகாது. யாரோ ஒருவர் கை அதைத் திருப்பியிருக்கிறது. வண்ணம் மிச்சமிருக்கும் நீலப் பெண்ணிலும் முகம் அமைதியாகத்தான் இருக்கிறது. அதனால் உங்கள் தடையை ஏற்றுக்கொள்கிறேன், என் எண்ணத்தையும் வைத்துக்கொள்கிறேன்.

கல்லறையில் வைத்ததாலேயே எல்லாம் சாவுக்குச் செய்தவை என்றும் நினைக்க வேண்டாம். கி.மு. 348இல் மாசிடோனியாவின் பிலிப் மன்னன் அழித்த, வட கிரேக்கத்து ஒலிந்தோஸ் ஊரில் குடியிருந்த வீடுகளிலேயே சுடுமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. கோயிலில் காணிக்கையாகவும் குவிந்திருக்கின்றன. சந்தோஷமானவையும் நிறைய. ஒரு சிறுமி இன்னொருத்தியை உப்புமூட்டை தூக்கும் பொம்மை பார்த்திருக்கிறீர்களா? எஃபெட்ரிஸ்மோஸ் என்று ஒரு விளையாட்டு. நட்டு வைத்த கல்லைக் கல்லால் அடிக்க வேண்டும், தோற்றவள் ஜெயித்தவளை முதுகில் சுமக்க வேண்டும். மேலே இருப்பவள் கீழே இருப்பவளின் கண்ணைப் பொத்திக்கொள்வாள். அந்த நிலையில் கல்லைக் கண்டுபிடிக்கும் வரை சுமந்தே திரிய வேண்டும். முதுகில் தொங்குகிறவளின் காலைப் பார்த்தாலே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

திமாரெத்தா என்று ஒரு பெண். கல்யாணத்துக்கு முன்னால் தன் பறை, பந்து, தலை வலை, பொம்மைகள், பொம்மைகளின் உடுப்புகள் எல்லாவற்றையும் ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு சின்னக் கிரேக்கப் பாட்டு இருக்கிறது. அதில் பொம்மைக்கும் "கோரே" என்ற சொல்தான், அவளுக்கும் அதே சொல்தான்.

வடமராட்சியான்:

போன ஞாயிறு மறுபடி போனோம். மாவு பிசைகிறவர்களைத் தேடிக் கண்டுபிடித்தோம். அக்கா, நீங்கள் சொன்னது உண்மை. நான் தினமும் முப்பது கிலோ மாவோடு மல்லுக்கட்டுகிறவன். அந்தப் பெண்கள் குனிந்து நிற்கும் விதத்தைப் பார்த்ததும் என் இடுப்பு எனக்குத் தெரிந்தது. ஒரே தாளத்தில் குனிகிறார்கள், அதற்குத்தான் குழல். வேலை செய்யும்போது நாங்களும் குசினியில் பாட்டுப் போட்டுவிடுவோம். அது இல்லாவிட்டால் கடைசி ஐந்து கிலோ நகராது. இதைச் செய்த மனிதன் மாவு பிசைகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறான், அது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஸ்மிர்னாத் தலைகளையும் பார்த்தோம். மகள் கொஞ்சம் பயந்தாள். பிறகு, "அப்பா, இவைக்கு உண்மையிலேயே நோகுது" என்று மெல்லச் சொன்னாள். விரலால் மறைத்துப் பார்க்க அங்கே வேலையே இல்லை.

இப்போது வீட்டில் அவளே களிமண்ணில் ஒரு போர்வைப் பெண்ணைச் செய்துகொண்டிருக்கிறாள். உடம்பு நன்றாக வந்துவிட்டது. தலையைச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் கழுத்து மடிந்து கீழே விழுகிறது. நேற்று அழுதேவிட்டாள். என்ன செய்யலாம் அக்கா?

மண்ணும்கையும்:

மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. தலையையும் உடம்பையும் தனித்தனியாக, நிழலில், மெல்லிய துணி போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விரலால் தொட்டுப் பார்க்கட்டும். மண் விரலில் ஒட்டக்கூடாது. அப்புறம் கழுத்துக் குழியிலும் தலையின் அடியிலும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் குழப்பித் தயிர்ப் பதத்தில் இரண்டு பக்கமும் தடவி வைக்க வேண்டும். வைத்ததும் சாய்க்கக் கூடாது. முதலில் நேராக வைத்து ஒரு சுற்று அழுத்தி, பிறகு மெதுவாகத் திருப்ப வேண்டும். திருப்பிய பக்கத்தில் தாடைக்குக் கீழே ஒரு மண் உருண்டையை முட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடட்டும், காலையில் அந்த உருண்டையை எடுத்துவிடலாம்.

உடம்பு உள்ளே பொள்ளலாக இருந்து, பின்னால் சுடுவதாக இருந்தால், முதுகில் ஒரு ஓட்டை போட மறக்க வேண்டாம், காற்று வெளியே போக வேண்டும். தனக்ராப் பெண்கள் பலருக்கும் முதுகில் அந்த ஓட்டை உண்டு. முடிந்ததும் படம் போடுங்கள் தம்பி, முன்பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று.